டாங்கித் தாத்தாவும் சோஜிலாவும்

சுரண்டையில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பனி என்றால் என்ன? மார்கழி விடியற்காலையில் புல் நுனியில் நிற்குமே, அது. பால்காரர் காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு வருவாரே, அதுக்குக் காரணமானது. அதுக்கு மேல குளிர் வேணும்னா ஆனி, ஆடியில் குற்றாலம். சாரலில் நனைந்து, அருவியில் தலையைக் கொடுத்து, பல்லு தந்தியடிக்க ஒரு சூடான டீ. நம்ம குளிர் அனுபவம் அத்தோட முடிஞ்சது.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஏப்ரல் முதல் வாரம். ஊரில் பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நேரம். நாலு நண்பர்களோடு ஸ்ரீநகரில் இருந்து லே வரைக்கும் காரில் போனேன். அங்கே நான் பார்த்தது எனக்குத் தெரிஞ்ச பனியே இல்லை. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கார் கூரையை விட உயரமா வெள்ளைச் சுவர். மெஷின் வைத்து அறுத்த தடம் அந்தச் சுவரில் வரி வரியாத் தெரியுது. மேலே ஒரு கீற்று நீல வானம். சத்தமே கிடையாது. எங்க கூட்டத்துலயே அதிகம் வாயடிக்கிறவன் கூட அரை மணி நேரம் பேசலைன்னா பார்த்துக்கோங்க.

அந்தப் போட்டோக்களைப் போட்டு ஒரு பயணக்கட்டுரை தேத்திடலாம்னுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத எங்க தெரு தாத்தா ஒருத்தர் குறுக்கே வந்து உட்கார்ந்துக்கிட்டார். அவரைத் தாண்டிப் போக முடியலை. அதனால இது பயணக்கட்டுரை மாதிரி ஆரம்பித்து வரலாற்றுக் கட்டுரையா முடியப்போகிறது. பொறுத்தருள்க :-)

டாங்கித் தாத்தா

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்க தெருவில் ஒரு மிலிட்டரிக்காரர் இருந்தார். மெட்ராஸ் சேப்பர்ஸில் இருந்து ரிட்டையர் ஆனவர். சாயங்காலமானால் திண்ணையில் உட்கார்ந்து, கிடைத்த பையன்களைப் பிடித்து வைத்துக் கதை சொல்லுவார். பெரும்பாலும் ஒரே கதைதான்.

"காஷ்மீர்ல ஒரு மலைடே. ஆடு ஏறதே சிரமம். அதுல நாங்க ரோடு போட்டோம். அந்த ரோட்டுல டாங்கி ஏறிச்சு. டாங்கியோட தலையைக் கழட்டித் தனியா லாரில கொண்டு போனோம். மேல போயி மாட்டுனோம். எதிராளி டாங்கியப் பாத்ததும் அரண்டு போயிட்டாம்லா!"

எங்களுக்குச் சிரிப்பு தாங்காது. டாங்கிக்குத் தலையாம். அதைக் கழட்டுவாங்களாம். தேங்காய் மூடி மாதிரி திருப்பி மாட்டுவாங்களாம்! அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'டாங்கித் தாத்தா'ன்னு பேர் வெச்சோம். பிறகு முன்னாலேயும் கூப்பிட ஆரம்பிச்சோம்.

ஒரு நாள் எங்களில் கணக்கு நல்லா வரும் ஒருத்தன் கேட்டுட்டான். "தாத்தா, அது எந்த வருஷம்?" "நாப்பத்தெட்டு." "நீங்க பட்டாளத்துல சேந்தது எப்போ?" "அறுவது." "அப்போ நாப்பத்தெட்டுல உங்களுக்கு எட்டு வயசுதானே?"

தெருவே சிரிச்சது. நானும்தான். நான்தான் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தேன்னு நினைக்கிறேன். தாத்தா கோபப்படலை. "சிரிலே... சிரி. ஒரு நாள் நீயே போயிப் பாப்ப" என்று மட்டும் சொல்லிட்டு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போயிட்டார்.

போய்ப் பார்த்தேன்.

சோஜி லா

லடாக்கி மொழியில் 'லா' என்றால் கணவாய். ஆகவே 'சோஜிலா கணவாய்' என்பது நம்ம ஆட்கள் 'நடு சென்டர்'னு சொல்லுற மாதிரி. இருந்தாலும் பழகிப் போச்சு, விடுங்க.

ஸ்ரீநகரில் இருந்து சுமார் 80 கிலோமீட்டரில் சோனாமார்க். அதைத் தாண்டினால் பால்தால், அமர்நாத் யாத்திரைக்காரர்கள் கூடாரம் போடும் இடம். பால்தாலே நம்ம ஊட்டி தொட்டபெட்டா உச்சியை (2,637 மீட்டர்) விடக் கொஞ்சம் உயரம். அங்கே இருந்து ரோடு செங்குத்தான மலைச்சரிவில் பின்னிப் பின்னி ஏறி சுமார் 3,500 மீட்டரில், அதாவது 11,500 அடியில், கணவாயைத் தொடுகிறது. இந்தப் பக்கம் பைன் மரமும் பச்சையுமா காஷ்மீர். அந்தப் பக்கம் இறங்கினால் மரமே இல்லாத லடாக்.

கணவாய் என்றால் என்ன என்று நம்ம பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆரியங்காவு கணவாய் இல்லேன்னா தென்காசிக்குச் சாரல் ஏது, காத்து ஏது? சுரண்டை மார்க்கெட்டுக்கும் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கும் வருகிற காய்கறியில் ஒரு பெரும்பங்கு புளியரை வழியாகத்தான் மலையேறிக் கேரளத்துக்குப் போகிறது. அந்த வழி நாலு நாள் அடைபட்டால் இங்கே கத்திரிக்காயும் தக்காளியும் என்ன விலைக்குப் போகும்னு விவசாயிகிட்ட கேட்டுப் பாருங்க.

நாலு நாளுக்கே இப்படி. சோஜிலா பல காலமாக வருஷத்துக்கு ஐந்து, ஆறு மாதம் பனியில் மூடிக் கிடந்தது. அந்தப் பக்கத்துச் சனம் கோடைக்குள் அரிசி, மாவு, மண்ணெண்ணெய் எல்லாம் சேர்த்து வைத்துக்கொள்ளணும். இல்லேன்னா குளிர்காலம் பட்டினிதான்.

கார் ரோடு வருவதற்கு முன் இது ஒத்தையடிக் கழுதைப்பாதை. ஸ்ரீநகர் சால்வை நெசவாளர்களுக்கு வேண்டிய பஷ்மினா உரோமம் இந்த வழியாகத்தான் இறங்கியது. மத்திய ஆசியாவின் யார்கண்டில் இருந்து வந்த வணிகக் கூட்டங்களும் லே வழியாக இதைத் தாண்டின. ஸ்ரீநகரில் இருந்து லே போய்ச் சேர இரண்டு வாரத்துக்கு மேல் நடை. நாங்க ஹீட்டர் போட்ட காரில் வழியில ஒரு ராத்திரி தங்கி ரெண்டு நாளில் போனோம், அதுக்கே முதுகு வலின்னு புலம்பல்.

1948

இப்போ தாத்தாவின் கதைக்கு வருவோம்.

1947 அக்டோபரில் காஷ்மீர் மீது படையெடுப்பு. 26-ம் தேதி மகாராஜா இந்தியாவுடன் இணைப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார். 27-ம் தேதி நம்ம படை ஸ்ரீநகரில் விமானத்தில் வந்து இறங்குகிறது. இதுவரைக்கும் பள்ளிக்கூடத்திலேயே படிச்சிருப்போம். லடாக் பக்கம் நடந்ததை எனக்கு யாரும் சொல்லித் தரலை, தாத்தாவைத் தவிர.

லேயைக் காப்பாற்ற அப்போது அங்கே படை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. 1948 பிப்ரவரி 16-ம் தேதி, மேஜர் பிரிதி சந்த் என்ற அதிகாரி, பெரும்பாலும் தன்னைப் போலவே லாஹௌல் மலைக்காரர்களான ஒரு சின்னக் குழுவோடு கிளம்பி நடுக்குளிர்காலத்தில் சோஜிலாவை நடந்தே கடந்தார். பனிச்சரிவு எப்போது வேண்டுமானாலும் தலையில் விழலாம் என்கிற மாதம் அது. மார்ச் 8-ம் தேதி லே போய்ச் சேர்ந்தார்கள். மே 24-ம் தேதி ஏர் கமடோர் மெஹர் சிங் ஒரு டகோட்டா விமானத்தை, ஊர் மக்கள் கூடிச் சமன்படுத்திய மண் ஓடுதளத்தில் இறக்கினார். லேயில் இறங்கிய முதல் விமானம் அதுதான். கூடவே வந்தவர் அந்தப் பகுதிக்கான டிவிஷன் தளபதி மேஜர் ஜெனரல் திம்மய்யா, நம்ம பக்கத்துக் குடகுக்காரர்.

ஆனா விமானத்தில் எவ்வளவுதான் கொண்டு போக முடியும்? அந்தக் கோடையில் கார்கில், திராஸ், சோஜிலா மூணும் கைவிட்டுப் போச்சு. லே தனித்துப் போய்விட்டது. குளிர்காலத்துக்கு முன் கணவாய் திரும்பக் கைக்கு வரலேன்னா லேயில் இருக்கும் படைக்கும் மக்களுக்கும் வழியே இல்லை.

செப்டம்பரில் 77-வது பாராசூட் பிரிகேட் நேரடியாக ஏறிப் பார்த்தது. எதிரிகள், முக்கியமாக கில்கிட் ஸ்கவுட்ஸ், கணவாயின் இரு புறமும் பாறை இடுக்குகளில் மெஷின்கன்களோடு உட்கார்ந்திருந்தார்கள். கீழே இருந்து வருகிறவன் திறந்த வெளியில் நடந்து வரணும். முயற்சி தோற்றது. ஆட்களை இழந்துதான் திரும்ப முடிந்தது.

அப்போதுதான் டாங்கி யோசனை. பாறைப் பொந்துக்குள் இருக்கும் மெஷின்கன்னை அடக்க, குண்டு துளைக்காத ஒன்று கிட்டத்தில் போய்ச் சுடணும். 7-வது லைட் கேவல்ரியிடம் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்க இலகு ரக டாங்கிகள் இருந்தன. பெயர்தான் இலகு, ஒவ்வொன்றும் 15 டன். அகலம் சுமார் ஏழரை அடி, நம்ம டவுன் பஸ்ஸை விடக் கொஞ்சம் ஒல்லி. அந்தப் படைப்பிரிவின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ராஜிந்தர் சிங். பட்டாளத்தில் அவருக்குச் செல்லப்பெயர் 'ஸ்பாரோ', அதாவது சிட்டுக்குருவி!

சமவெளியில் ஓட வேண்டிய டாங்கியை ஸ்ரீநகர் வரை கொண்டு வருவதே பெரும்பாடு. வழியில் உள்ள பாலங்கள் 15 டன்னைத் தாங்காது. எதிரிக்குச் சேதி போகவும் கூடாது. என்ன செய்தார்கள் தெரியுமா? டாங்கிகளின் மேல்பாகத்தை, துப்பாக்கியோடு சுழலும் அந்தக் கூண்டை, கழற்றித் தனியாகக் கொண்டு போனார்கள். பாலங்களில் டாங்கியை இரும்புக் கயிறு கட்டி மெல்ல மெல்ல இழுத்துக் கடத்தினார்கள்.

இதைப் படித்தபோது ராத்திரி பதினோரு மணி. லடாக்கில் இருந்து திரும்பி வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. புத்தகத்தை மூடி வெச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். டாங்கிக்குத் தலை இருக்கு. கழட்டலாம். மாட்டலாம்.

ரோடு போட்டது யார்?

டாங்கி பால்தால் வரைக்கும் வந்தாச்சு. மேலே ஏற ரோடு? இருந்தது கழுதைப்பாதைதான். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் அதலபாதாளம். உச்சியில் எதிரி. குளிர் கூடிக்கொண்டே போகிறது. முழுப் பனிக்காலம் வருவதற்குள் வேலை முடியணும்.

அந்த வேலை மெட்ராஸ் சேப்பர்ஸின் இரண்டு ஃபீல்டு கம்பெனிகளிடம் வந்தது. மேஜர் தங்கராஜு பொறுப்பில் அவர்கள் அந்தக் கழுதைப்பாதையை டாங்கி ஏறும் தடமாக மாற்றினார்கள். பாறையை வெடி வைத்து உடைத்து, வளைவுகளை அகலமாக்கி, சரிந்து விழும் கல்லுக்கு அணை கட்டி. அதுவும் மூச்சு முட்டும் உயரத்தில்.

மெட்ராஸ் சேப்பர்ஸ் பற்றித் தெரியாதவர்களுக்கு: 1780-ல் இரண்டு 'மெட்ராஸ் பயனியர்' கம்பெனிகளாகத் தொடங்கிய படை. இன்று மெட்ராஸ் என்ஜினியர் குரூப். தலைமையகம் பெங்களூரு. முழுக்கத் தமிழர் படை என்று மார்தட்டிக்கொள்ள முடியாது. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசுகிற எல்லாரும் உண்டு. ஆனால் ராணுவம் முழுக்க அவர்களுக்குச் செல்லப்பெயர் என்ன தெரியுமா? 'தம்பி'. தளபதி முதல் சிப்பாய் வரை, வடக்கத்திக்காரர்கள்கூட, அவர்களைத் தம்பி என்றுதான் சொல்வார்கள்.

பனியையே கண்ணால் பார்த்திராத தம்பிகள்! ஐப்பசி மழையில் வயல் வரப்பு வெட்டிப் பழகின கைகள் சோஜிலாவில் பாறை வெட்டின. குளிருக்கு ஏற்ற உடுப்புகூடப் போதுமான அளவு இல்லாத படை அது. பனிக்கடியில் விரல்கள் மரத்துக் கறுத்துப் போனவர்கள் பலர்.

வானிலை சரியில்லாமல் தள்ளிப்போன தாக்குதல் 1948 நவம்பர் 1-ம் தேதி நடந்தது. பனி தூவிக்கொண்டிருந்த நாள். பீரங்கிகள் முழங்க, ஸ்டூவர்ட் டாங்கிகள் வரிசையாகத் தடத்தில் ஏறின. திம்மய்யாவே முன்வரிசை டாங்கியில் இருந்தார். அதுவரை உலகத்தில் எந்தப் போரிலும் அவ்வளவு உயரத்தில் டாங்கி போனதில்லை. எதிரிகள் அதைக் கனவிலும் எதிர்பார்த்திருக்கவில்லை. அன்றைக்கே கணவாய் கைக்கு வந்தது. அடுத்து திராஸ். நவம்பர் 24 வாக்கில் கார்கிலில், லே பக்கம் இருந்து வந்த படையோடு கைகோத்தாச்சு. 1949 ஜனவரி 1-ல் போர்நிறுத்தம் அமலுக்கு வந்தபோது லே நம்மிடம் இருந்தது.

இந்த நடவடிக்கைக்கு 'ஆபரேஷன் பைசன்' என்று பெயர். இதைப் பற்றிய எழுத்துகளைத் தேடிப் பாருங்க. டாங்கியைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும். தளபதிகளைப் பற்றி இருக்கும். ரோடு போட்டவர்களைப் பற்றி? பெரும்பாலும் ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. டாங்கி ஒரு நாள் ஏறியது. அந்த ஒரு நாளுக்காக வாரக்கணக்கில் பாறையோடு மல்லுக்கட்டியவர்களின் பெயர்கள் நம்ம ஊர்ப் பாடப்புத்தகத்தில்கூட இல்லை.

நாங்க போன ரோடு

இப்போ நாங்க காரில் போன ரோட்டுக்கு வருகிறேன்.

எல்லைச் சாலை அமைப்பு 1960 மே 7-ல் தொடங்கப்பட்டது. லே வரைக்கும் வண்டி போகிற ரோடு அறுபதுகளில்தான் முழுசாக உருவெடுத்தது. தாத்தா பட்டாளத்தில் சேர்ந்ததும் அறுபதில்தான்.

குளிர்காலம் முடியும்போது பனியை வெட்டித் திறப்பதே ஒரு பெரிய சடங்கு. சோனாமார்க் பக்கத்தில் இருந்து 'பீக்கன்' பிரிவும், திராஸ் பக்கத்தில் இருந்து 'விஜயக்' பிரிவும் வெட்டிக்கொண்டே வந்து மேலே சந்திப்பார்கள். சில இடங்களில் 20 அடிக்கு மேல் பனி. ஆறு மாதம் மூடிக்கிடந்த கணவாய் 2022-ல் 73 நாள், 2023-ல் 68, 2024-ல் 35, 2025-ல் 32 நாள் என்று மூடும் காலம் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

சோனாமார்க்கில் எங்களை நிறுத்திட்டாங்க. திறந்த புதுசில் ஒரு பக்கப் போக்குவரத்துதான். மூணு மணி நேரம் காத்திருந்தோம். கேட் திறந்து ஏறும்போது ஒரு வளைவில் ஜன்னல் வழியா கீழே எட்டிப் பார்த்தேன். வயிறு கலங்கிருச்சு. பக்கத்தில் இருந்தவன் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான். அப்போதான் சம்பந்தமே இல்லாமல் தாத்தா குரல் காதில் கேட்டது. "ஆடு ஏறதே சிரமம்டே."

அந்தக் குளிரிலும் ரோட்டோரம் ஆட்கள் நின்றார்கள். கையில் மண்வெட்டி, தலையில் சுற்றிய துணி. சரிந்து விழுந்த பனியையும் கல்லையும் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். டிரைவரிடம் கேட்டேன். "ஜார்க்கண்ட்காரங்க சாப். தும்கா பக்கம்." லடாக் ரோட்டு வேலைக்குப் பல வருஷமாக தும்கா மாவட்டத்தில் இருந்துதான் நிறைய பேர் வருகிறார்கள். அவர்களும் வெயில் ஊர்க்காரர்கள்தான்! 48-ல் தம்பிகள், இப்போ தும்காக்காரர்கள். நாங்க காருக்குள்ளே இருந்து அவர்களையும் சேர்த்து போட்டோ எடுத்தோம். ஒருத்தன் கூட இறங்கி ஒரு வார்த்தை பேசலை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

கணவாய்க்கு அந்தப் பக்கம் திராஸ். 1999-ல் இதே ரோட்டுக்காகத்தான் சண்டை. திராஸுக்கு மேலே தோலோலிங் உச்சியில் எதிரி உட்கார்ந்தால் ரோட்டில் போகும் ஒவ்வொரு லாரியும் தெரியும். ரோடு அறுந்தால் லேயும் சியாச்சினும் பட்டினி. 1948-ன் அதே கணக்கு! ஜூன் 13-ல் தோலோலிங் மீட்கப்பட்டது. அடிவாரத்து நினைவிடத்தில் பெயர்கள் வரிசையாகப் பொறித்திருக்கின்றன. கார்கிலைத் தாண்டி படாலிக் பகுதியில் மே 29-ம் தேதி வீழ்ந்த நம்ம திருச்சிக்காரர் மேஜர் சரவணனின் நினைவு வந்தது. செருப்பைக் கழற்றிட்டு நின்றோம். உள்ளங்கால் சில்லிட்டுப் போனதைக்கூடக் கவனிக்கலை.

லேயில் இருந்து இன்னும் சுமார் 150 கிலோமீட்டர் கிழக்கே, 5,300 மீட்டருக்கு மேல் இருக்கும் சாங் லாவைத் தாண்டினால் பாங்காங் ஏரி. 134 கிலோமீட்டர் நீளம், 4,200 மீட்டருக்கு மேல் உயரம். உப்புத் தண்ணி. உப்புத் தண்ணி லேசில் உறையாதுன்னு படிச்சிருக்கோம் இல்லையா? அங்கே அதுவே உறைஞ்சு கிடக்கு. நாங்க போனபோது கரையோரம் உருக ஆரம்பிச்சிருந்தது, நடுவில் கண்ணுக்கெட்டிய வரை வெள்ளைப் பாளம். அவ்வப்போது உள்ளே இருந்து கதவு முனகுற மாதிரி ஒரு சத்தம். பாளம் விரிசல் விடுகிற சத்தமாம். 2023 பிப்ரவரி 20-ல் இந்த உறைந்த ஏரி மேல் 21 கிலோமீட்டர் ஓட்டப்பந்தயமே நடத்தினார்கள். பனி இப்படியே குறைந்துகொண்டு போனால் இதுதான் கடைசி ஓட்டமாகிவிடும் என்று எச்சரிப்பதற்காக அதற்கு 'கடைசி ஓட்டம்' என்றே பெயர் வைத்தார்கள்.

நமக்கு உறைந்த தண்ணி வேடிக்கை. அங்கே சில பேருக்கு அதுதான் ரோடாகவே இருந்தது. சன்ஸ்கார் பள்ளத்தாக்குச் சனம் குளிர்காலத்தில் வெளியே வர, உறைந்து போன சன்ஸ்கார் ஆற்றின் மேல் நாள்கணக்கில் நடந்து வந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகளும்தான். 2024-ல்தான் நிம்முவில் இருந்து பதும் வழியாக தார்ச்சா வரை சாலை இணைப்பு கிடைத்தது.

சோஜிலாவுக்கு அடியில் இப்போது சுமார் 13 கிலோமீட்டர் சுரங்கப்பாதை குடைகிறார்கள். அதற்கு முந்திய சோனாமார்க் சுரங்கம், 6.5 கிலோமீட்டர், 2025 ஜனவரி 13-ல் திறக்கப்பட்டது. திறப்பு விழாப் படங்களை நாம எல்லாரும் பார்த்தோம். அதுக்கு மூணு மாதம் முன்பு, 2024 அக்டோபர் 20 இரவு, ககன்கீரில் அந்தச் சுரங்க வேலைக்காரர்களின் முகாமில் தீவிரவாதிகள் சுட்டதில் ஒரு டாக்டர் உட்பட ஏழு பேர் செத்தார்கள். அந்தச் சேதி எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு?

'நாங்க'

தாத்தா சொன்னதில் எனக்குப் பிடிபடாமல் இருந்தது ஒரே ஒரு சொல்தான். 'நாங்க'. "நாங்க ரோடு போட்டோம்." எட்டு வயசுப் பையன் எப்படிப் போட்டிருப்பான்?

இப்போ யோசித்தால் நம்ம வீட்டிலும் அப்படித்தானே பேசுகிறோம். "இந்தக் கிணறு நாங்க வெட்டுனது" என்று என் அப்பா சொல்லுவார். வெட்டினது அவருடைய தாத்தா. யாரும் சிரிக்கிறதில்லை. பட்டாளத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்தவனுக்கு அந்தக் கம்பெனி செய்ததெல்லாம் 'நாங்க' செய்ததுதான். அவரை விட மூத்தவர்கள் கேம்ப்பில் ராத்திரி உட்கார்ந்து சொல்லியிருப்பார்கள். அவர்களில் சிலருக்கு விரல்கள் இருந்திருக்காது. அதைக் கேட்டு, அதே மலையில் பின்னாளில் கான்வாயில் ஏறி இறங்கி, கதையை பத்திரமாகச் சுரண்டை வரைக்கும் கொண்டு வந்தார். ஒருத்தர் பெயரும் புத்தகத்தில் இல்லாத கூட்டத்துக்கு இருந்த ஒரே பதிவேடு அந்தத் திண்ணைதான். நாங்க அதைப் பார்த்துச் சிரிச்சோம்.

உங்க ஊரிலும் ஒரு மிலிட்டரித் தாத்தா இருப்பார். அநேகமாகச் சொன்னதையே சொல்லுவார். தேதி முன்னே பின்னே இருக்கும். கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்க. முடிஞ்சா ஒரு நோட்டில் எழுதி வையுங்க. கணக்கு அப்புறம் பார்த்துக்கலாம்.

தாத்தா இறந்து பல வருஷம் ஆச்சு. நான் லடாக் போனதே அவருக்குத் தெரியாது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்த வீட்டுத் திண்ணையில் அவர் பேரன் மொபைலை நோண்டிக்கிட்டு இருந்தான், காலேஜ் படிக்கிறவன். பக்கத்தில் உட்கார்ந்து சோஜிலா போட்டோவைக் காட்டி முழுக்கதையும் சொன்னேன். டாங்கியின் தலை, பாலம், பாறை, தம்பிகள், நவம்பர் 1, எல்லாம்.

பொறுமையாகக் கேட்டான். கடைசியில் சந்தேகமாக என்னைப் பார்த்தான்.

"அண்ணே, நாப்பத்தெட்டுல தாத்தாவுக்கு எட்டு வயசுதானே இருக்கும்?"

"ஆமாம்லே. எட்டு வயசுதான்" என்றேன். "ஆனா ரோடு போட்டது அவங்கதான்."